மூன்று தரம் சொன்ன மேடே

என் கையெழுத்தையும் எழுத்துப் பிழைகளையும் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஐந்தாம் வகுப்போடு கடலுக்குப் போனவன் நான்.

மேடே என்பது இங்கிலீஷ்காரரின் சொல். படகுகளுக்கு ரேடியோ செட் பூட்டிய நாளில் சொல்லித் தந்தார்கள். உயிருக்கு ஆபத்து வந்தால் மட்டும் சொல்ல வேண்டும், மூன்று தரம் சொல்ல வேண்டும் என்றார்கள். நாங்கள் சிரித்தோம்.

ஏனென்றால் செட்டில் உண்மை பேசுவது எங்கள் கரையில் வழக்கமில்லை. வடக்கே நிற்பவன் தெற்கே நிற்பதாகச் சொல்வான். வலை நிறைந்தவன் வெறும் வலை என்று புலம்புவான். மீன் படுகிற இடத்திலிருந்து மற்றவர்களைக் கிளப்புவதற்காக, "எஞ்சின் நிண்டுட்டு, வந்து இழுங்கோ" என்று கூப்பிடுகிறவனும் உண்டு.

அன்று காலை தலைமன்னாரிலிருந்து நானும் என் மனைவியின் தம்பியும் போயிருந்தோம். கரை கண்ணுக்கு மறைந்த பிறகு, மிதந்து வந்த மரமொன்று மோதிப் படகின் அடி வெடித்தது. எஞ்சினும் நின்றது. அவன் வாளியால் தண்ணீரை இறைத்தான். நான் செட்டை எடுத்தேன்.

"போட்டுக்குள்ள தண்ணி வருது. மணல் திட்டுக்கு வடக்கால நிக்கிறம். ஆராவது வாங்கோ."

செட்டில் ஒரு கிழவரின் சிரிப்புக் கேட்டது. "வடக்கால எண்டா தெற்கால எண்டு அர்த்தம், பிள்ளையள்."

"அண்ணை, எவ்வளவு மீன் பட்டது? எங்களை ஏன் கலைக்கிறீங்கள்?" என்றான் இன்னொருவன்.

மச்சான் கத்தினான். "அத்தான், அந்தச் சொல்லைச் சொல்லுங்கோ!"

எனக்கு வாய் வரவில்லை. நாலு பேர் கூடின இடத்தில் தமிழே தடுமாறுகிறவன் நான். கடல் முழுக்கக் கேட்கிற செட்டில் இங்கிலீஷ் பேசினால் சாகும்வரை பகிடி பண்ணுவார்கள். தண்ணீர் முழங்காலைத் தொட்டது. அவன் வாளியை நிறுத்தாமலே கேட்டான்:

"வெக்கம் பெரிசோ, நான் பெரிசோ?"

சொன்னேன். மேடே, மேடே, மேடே.

பிறகு அதே கிழவர், இப்போது சிரிக்காமல்: "தம்பி, இடத்தை உண்மையாச் சொல்லு."

"முதல் சொன்னதுதான், ஐயா. வடக்கால."

"ஓம். போட்டை விடாதேங்கோ. வாறம்."

விரித்திருந்த வலையை அறுத்துவிட்டு அவர் வந்து சேர்ந்தபோது, எங்கள் படகின் முன்பக்கம் மட்டுமே வெளியே தெரிந்தது. நாங்கள் இருவரும் அதைக் கட்டிப்பிடித்துக் கிடந்தோம். மச்சானைத்தான் முதலில் தூக்கச் சொன்னேன்.

என் மகள் போனில் தேடிச் சொன்னாள். அந்தச் சொல்லின் வேர் பிரெஞ்சு மொழியாம். 'எனக்கு உதவ வாருங்கள்' என்பது பொருளாம். இரண்டு தேசத்து விமானக்காரருக்கும் விளங்க வேண்டுமென்று இங்கிலீஷ்காரர் அப்படி ஆக்கிக்கொண்டார்களாம். நான் தமிழில் அதைத்தானே முதலில் கேட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

மீன் நிற்கிற இடத்தைப் பற்றி இன்றும் செட்டில் பொய்தான் சொல்கிறோம். அந்தச் சொல்லை மட்டும் ஒருவரும் விளையாட்டுக்கு எடுப்பதில்லை, கரையில் என்னைக் கூப்பிடுவதைத் தவிர. மச்சானின் சின்ன மகளுக்கும் நான் மேடே மாமாதான். அவள் கூப்பிட்டால் உடனே போய்விடுவேன்.

2024 கார்த்திகை 17, ஞாயிறு.