தெக்லாவின் தட்டுப்பலகை

போலந்தில், பியாவோவியெஷா காட்டோரத்தில் கடைசி வீடு தெக்லாவுடையது. பேச்சுத்துணைக்கு அங்கே ஒரு அடுப்பு, ஒரு டெலிபோன், அவ்வளவுதான். புருஷன் போய்ச் சேர்ந்தாச்சு. ஒரே மகன் யூரெக் பிரஸ்ஸல்ஸில் பெயின்ட் அடிக்கிறான். ஈஸ்டருக்கு வருவான் என்று புளிச்சூப்புக்கு மாவு ஊறப்போட்டுக் காத்திருந்தாள். போன்தான் வந்தது.

"வேலைய விட்டுட்டு வர முடியலம்மா. சின்னவளுக்கு வேற காய்ச்சல்."

"அதுக்கென்னடா. உனக்குன்னு குடும்பம் இருக்கு, அதப் பாரு." போனை வைத்துவிட்டு அழுதாள்.

ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வியாழனன்று கோயில் மணிகள் வாய்மூடிக்கொள்ளும். ஈஸ்டர் வரை மணிக்குப் பதில் தட்டுப்பலகைதான். ஆட்டினால் மரச்சுத்தி பலகையில் மோதும். பரணில் கிடந்த தன் பலகையை இறக்கி, சரியாக இருக்கிறதா என்று வாசலில் நின்று ஒரு ஆட்டு ஆட்டினாள். கொல்லையில் பட்டுப்போன பிர்ச் மரத்திலிருந்து பதில் வந்தது!

அங்கே பிறந்தவளுக்கு எந்த மரங்கொத்தி என்று காதே சொல்லிவிடும். பெரிய புள்ளிக்காரன் படபடவென்று தட்டி, வெட்டினாற்போல் நிறுத்துவான். கருப்பன் அடித்தால் காடே அதிரும். இவனோ நிதானமாகத் தொடங்கி, வேகம் பிடித்து, தேய்ந்து அடங்கினான். வெள்ளை முதுகன்! அத்திபூத்தாற்போல் வருகிறவன்.

ஈஸ்டர் முடிந்தும் பலகை பரணேறவில்லை. வெள்ளை முதுகன் மாதிரியே தட்டப் பழகிக்கொண்டாள். இவள் தட்ட, அவன் தட்ட, பொழுது போனதே தெரியவில்லை.

பக்கத்து வீட்டு வாலென்டி காட்டிலாகாவில் இருந்து ஓய்வுபெற்றவர். வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தார். "என்ன தெக்லா, இந்த வயசுல மாப்பிள்ளை பாத்துட்ட போல!"

"வயித்தெரிச்சல் படாதய்யா. உன்னைவிட நல்லாப் பேசுறான்."

"பேசுறானா? நல்ல கூத்து போ! இன்னொரு ஆண் தன் எடத்தப் புடிக்க வந்துட்டான்னு மல்லுக்கு நிக்கிறான்மா. பொந்து அரைகுறையா கெடக்கு, பொண்டாட்டி முட்டையிட எடமில்லாம அலையுது. நீ தட்டத் தட்ட ரெண்டும் ஊரைவிட்டே போயிரும்."

தெக்லாவுக்குச் சுருக்கென்றது. மரத்தைப் போய்ப் பார்த்தாள். பொந்தில் அவன் தலைகூட நுழையாது. பேச்சு என்று நினைத்தாளே பாவி, அத்தனையும் சண்டை!

மறுநாள் காலை அவன் தட்டினான். நிறுத்திவிட்டுக் காத்திருந்தான். தெக்லா கைகளை ஏப்ரனுக்குள் சுருட்டிக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தாள். மறுபடியும் தட்டினான். கை பரபரத்தது, அவள் எழுந்திருக்கவில்லை. கடைசியில் அவன் பொந்துக்குப் போய்ச் செதுக்க ஆரம்பித்தான். சிராய் உதிர்ந்தது.

"அதான்டா சரி," என்றாள். "உனக்குன்னு குடும்பம் இருக்கு. அதப் பாரு."