வால்நட்சத்திரத்துக்கு அடித்த மணி

மணிக்கூண்டார் என்றுதான் ஊரே அவரைக் கூப்பிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் நகரசபைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. ஊர் நடுவே நூற்றுப் பன்னிரண்டு படி ஏறினால் அவருடைய அறை. நாலு பக்கமும் ஜன்னல், நடுவில் பெரிய மணி. கால்மணிக்கு ஒரு தரம் நாலு ஜன்னலிலும் எட்டிப் பார்க்க வேண்டும்; எங்காவது தீயோ புகையோ கண்டால் கயிற்றை இழுக்க வேண்டும். மணி கேட்டால் வீட்டுக்கு ஓர் ஆள் வாளியோடு ஓடி வர வேண்டும் என்பது கட்டளை. பதினாறு வருடமாகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தவர் அவர்.

ஒருநாள் மாலை, மேற்கு ஜன்னலில் புகை மாதிரி ஒன்று தெரிந்தது. சூரியன் இறங்கிய இடத்துக்குக் கொஞ்சம் மேலே, பாதி அழித்த சுண்ணாம்புக் கோடு போல. கயிற்றைப் பிடித்தேவிட்டார். புகை அசையவில்லை என்று கண்டபிறகு கையை எடுத்தார். மறுநாளும் ஆறே முக்காலுக்கு அது அங்கேயே நின்றது, ஆனால் சற்றுத் தள்ளி. ஜன்னலில் ஏழு இரும்புக் கம்பிகள். சட்டத்தில் ஒரே இடத்தில் மோவாயை ஊன்றிக்கொண்டு, அது எந்தக் கம்பிக்கு நேரே, எத்தனை விரல் உயரத்தில் நிற்கிறது என்று பார்த்து, அன்றிலிருந்து தினமும் சாக்கட்டியால் சுவரில் தேதி போட்டுக் குறித்தார். பொழுது போகவில்லை, வேறு காரணமில்லை.

ஐந்தாம் நாள் ஊரே தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தது. கடவுள் கோபத்தில் நீட்டிய விரல் அது என்றார் சோதிடர். அரசன் சாவான், பயிர் கருகும், அந்த ஒளி பட்டால் வயிற்றுப் பிள்ளை தங்காது. நகரசபைத் தலைவரின் மருமகளுக்கு அப்போது ஏழு மாதம். மறுநாளே உத்தரவு வந்தது: வால்நட்சத்திரம் தலைகாட்டியதும் மணி அடிக்க வேண்டும், எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டு வேண்டிக்கொள்ள வேண்டும்.

மணிக்கூண்டார் தலைவர் வீட்டுக்கே போனார்.

“ஐயா, அது தீக்கு அடிக்கிற மணி. தினம் அடிச்சா புலி வருது கதையாயிடும்.”

“இதுக்குப் பன்னிரண்டு அடி அடி. தீன்னா விடாம அடி. ஜனங்களுக்கு வித்தியாசம் தெரியாதா?”

“பயந்துபோய்க் கதவைச் சாத்துறவன் எண்ணிக்கிட்டா இருப்பான்?”

“சொன்னதைச் செய்யப்பா. கூண்டுல இருக்கிறவனுக்கு ஊர் நடப்பு என்ன தெரியும்?”

செய்தார். பன்னிரண்டு அடித்து முடிக்கும்போது கீழே தெருக்கள் துடைத்துவிட்டாற்போல் கிடக்கும்.

அந்த வாரம் நில அளவைக்காக மணிக்கூண்டு உச்சியில் கொடி நட வந்த சர்வேயர் சுவரைப் பார்த்துவிட்டு நின்றார்.

“யாருங்க இதைக் குறிச்சது?”

“நான்தாங்க. சும்மா.”

“சும்மாவா? முதல் அஞ்சு நாள் வானாராய்ச்சி நிலையத்துப் பக்கம் ஒரே மேகம். அவங்ககிட்ட இல்லாதது உங்க சுவத்துல இருக்கு.”

“இதை வெச்சு என்ன பண்ணுவாங்க?”

“எந்தப் பாதையில போகுதுன்னு கணக்குப் போடுவாங்க. சூரியனைச் சுத்திட்டு அது பாட்டுக்குப் போயிடும். நாம இருக்கிறதே அதுக்குத் தெரியாது.”

சர்வேயர் எல்லாவற்றையும் நகலெடுத்துக்கொண்டார். அன்று படி இறங்கும்போது மணிக்கூண்டாருக்கு நெஞ்சு லேசாக இருந்தது. தன்னைத் தெரியாத ஒன்றுக்குப் பயப்பட வேண்டியதில்லை.

உத்தரவு வந்த ஒன்பதாம் நாள், பன்னிரண்டு அடித்து ஓய்ந்த சற்று நேரத்தில், தெற்கே பஞ்சுக் கிடங்கில் புகை கிளம்பியது. பின்னாலேயே தீ. அந்தத் தெருவில்தான் கணவனை இழந்த அவருடைய அக்கா குடியிருந்தாள். விடாமல் அடித்தார். ஐம்பது, நூறு. ஒரு கதவும் திறக்கவில்லை. திறந்திருந்த இரண்டு மூன்று ஜன்னல்களையும் உள்ளிருந்து யாரோ இழுத்துச் சாத்துவது மேலிருந்து தெரிந்தது.

கயிற்றை விட்டுவிட்டு நூற்றுப் பன்னிரண்டு படியும் இறங்கி ஓடினார். வீடு வீடாகக் கதவை முட்டியால் இடித்தார். “தீ! வாளியை எடுங்க!” ஆட்கள் சேர்வதற்குள் ஒன்பது வீடுகள் போயின. அக்கா தப்பினாள், இடது கை வெந்துபோயிற்று. கிடங்குக் காவல்காரர் வால்நட்சத்திரத்துக்குப் பயந்து உள்ளே தாழிட்டுக்கொண்டவர். அவரை வெளியே கொண்டுவர முடியவில்லை.

விசாரணை வைத்தார்கள், தீயைப் பற்றியல்ல, அவர் வேலையிடத்தை விட்டு இறங்கியதைப் பற்றி.

“மணியை விட்டுட்டு ஏன்யா இறங்கினே?” என்றார் தலைவர்.

“அடிச்சும் யாரும் வரலீங்க.”

“ஏன், எல்லாருக்கும்தான் கேட்டுச்சே!”

“அதைத்தாங்க நானும் சொல்றேன்.”

வேலை போயிற்று. சோதிடரின் வாசலில் கூட்டம் இரண்டு மடங்காயிற்று. அவர் சொன்னது பலித்துவிட்டதல்லவா? அக்காவே அப்படித்தான் சொன்னாள். கையில் கட்டோடு தம்பியின் இரண்டு அறை வீட்டில் வந்து உட்கார்ந்திருந்தவள், “அந்தச் சனியன் பார்த்த பார்வையிலதான் எரிஞ்சுது” என்றாள்.

“வானத்துல போறதுக்கு உன் கூரைமேல என்னக்கா கோபம்?”

“எரிஞ்சது உன் கூரை இல்லை. நீ பேசுவே.”



இரண்டு மாதம் கழித்து வானாராய்ச்சி நிலையத்திலிருந்து கடிதம் வந்தது, ‘மணிக்கூண்டுக் காவலருக்கு’ என்று முகவரியிட்டு. அவர் குறித்த நான்கு மாலைகள் கணக்குக்கு உதவின, பாதை தெளிவாகியிருக்கிறது, நன்றி என்று எழுதியிருந்தது. மனைவியிடம் வாசித்துக் காட்டினார்.

“தீயைப் பத்தி ஒண்ணும் எழுதலையா?”

“அவங்களுக்குத் தெரியாதே.”

“அப்போ நீங்க எழுதுங்க” என்றாள் அவள். எழுதினார். ஒன்பது வீடு, ஓர் ஆள், எத்தனை அடி மணி. நிலையத்திலிருந்து நகரசபைக்கு ஒரு கடிதம் போயிற்று. அது வேலை செய்ததா, அல்லது அவருக்குப் பதில் வந்த ஆளுக்கு மேலே ஏறினாலே தலை சுற்றியதா, எப்படியோ மறுபடி கூப்பிட்டார்கள். மணி தீக்கு மட்டும்தான் என்று எழுதிக் கொடுத்தால் வருகிறேன் என்றார். எழுதிக் கொடுத்தார்கள். பார்வை மங்கும்வரை இன்னும் பதினொரு வருடம் படி ஏறினார்.

அக்கா கடைசிவரை அவர்களோடுதான் இருந்தாள். பொழுது சாய்ந்தால் வீட்டின் மேற்கு ஜன்னலைச் சாத்திவிடுவாள். காற்றில்லாமல் வேகிறது என்று மனைவி எத்தனை முணுமுணுத்தாலும் அவர் எழுந்துபோய் அதைத் திறந்ததில்லை.