காதர் பாய் கேட்ட சத்தம்

ஓடிக்கொண்டிருந்த இன்ஜின் மீது திருப்புளியின் முனையை ஊன்றி, அதன் பிடியில் காதை வைத்துக் கேட்டார் மெக்கானிக். "காரில் ஒரு சத்தமும் இல்லையே மேடம்." போன வாரமும் இதையேதான் சொன்னார்.

உத்திரமேரூர் காதர் பாயும் இப்படித்தான் காது வைத்துக் கேட்பார். இல்லாத கோளாறைச் சொல்லாதவர் என்று சுற்றுவட்டாரத்தில் அவருக்குப் பெயர். அம்மா இறந்த வருஷம், ஞாயிறுதோறும் நைனா என்னை டேங்கின் மேல் உட்காரவைத்து, மோட்டார் சைக்கிளைப் பாயின் பட்டறைக்கு ஓட்டிப்போவார்.

"இன்னா சத்தம்னே தெரில பாய். வூட்டாண்ட போனாலே வருது."

எனக்கு எந்தச் சத்தமும் கேட்டதில்லை. பாய் வெகுநேரம் கேட்டுவிட்டு, "ஆமாண்ணே, லேசா கீது. குந்துங்க, பாத்துடலாம்" என்று பளபளவென்றிருந்த பிளக்கைக் கழற்றித் துடைக்க ஆரம்பிப்பார். டீ வரும். வீட்டில் வாய் திறக்காத நைனா, அந்தப் பெட்ரோல் வாசனையில் ஏரித் தண்ணீர், மல்லாட்டை விளைச்சல் என்று பேசிக்கொண்டே இருப்பார்.

பொழுது சாயும்போது பாய் கிக்கரை உதைப்பார். "இப்ப சரியாச்சுண்ணே. மறுபடி கேட்டா எடுத்துக்கினு வாங்க."

"வீட்டுக்கிட்ட போனாலே வருது. இன்னொரு தடவை கேட்டுப் பாருங்களேன்" என்றேன் மெக்கானிக்கிடம்.

"ஒண்ணுமே இல்ல மேடம். தைரியமா வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க" என்று பானட்டை மூடினார்.

நேர்மையான மனிதர்.