அமாவாசையில் வைத்த தையல் பரீட்சை

பசுவந்தனைப் பக்கத்தில் புரட்டாசி மாதம் மழை வேண்டாம் என்று சாமி கும்பிட்ட ஒரே பொம்பளை சத்தியபாமாவாகத்தான் இருப்பாள். வெளியே சொன்னால் ஊரே அடிக்க வந்துவிடும். அதனால் மனசுக்குள்ளேயே கும்பிட்டாள்.

எல்லாம் தையல் பரீட்சைக்காக. ஊர்ச் சாவடியில் பெண்பிள்ளைகளுக்கு அவள் தையல் சொல்லிக்கொடுத்து வந்தாள். மெஷின்கள் ஒரு தொண்டு நிறுவனத்துடையவை. பரீட்சையில் பத்துப் பேராவது உட்கார வேண்டும். தேறுகிறவளுக்கு அவள் தைத்த மெஷினே சொந்தம். ஆள் குறைந்தால் அத்தனையையும் வேனில் ஏற்றி வேறு ஊருக்குக் கொண்டுபோய்விடுவார்கள்.

சத்தியபாமா சிறுவயதில் தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கியவள். கட்டியவன் திருப்பூருக்கு வேலை தேடிப் போனான், போனவன் போனவன்தான். அன்றைக்கு அவளுக்குப் படிப்பு இல்லை, துணை இல்லை, ஜாக்கெட் தைக்க மட்டும் தெரிந்திருந்தது. அந்த ஒன்றினால்தான் இன்றுவரை யார் வாசலிலும் போய் நிற்கவில்லை. பிள்ளைகளுக்கும் அதையே சொல்வாள்: "புருசன் நல்லவனா அமைஞ்சா அவனுக்குத் தச்சுக் குடுங்க. அமையலைன்னா ஊருக்குத் தச்சுக் குடுங்க."

பரீட்சைக்கு நாள் கேட்டார்கள். பெரிய கெட்டிக்காரி போல மகாளய அமாவாசையைச் சொன்னாள். அமாவாசைக்கு யாரும் ஏர் பூட்டமாட்டார்கள், மாட்டுக்கு ஓய்வு, பிள்ளைகள் வீட்டில் இருப்பார்கள் என்று கணக்கு. அது அவள் அப்பா காலத்துக் கணக்கு. ஊரில் உழவுமாடு ஒழிந்து எத்தனையோ வருஷமாயிற்று. டிராக்டருக்கு ஏது அமாவாசை? நாள் சொல்லும்போது அந்த மடச்சிக்கு அது தோன்றவே இல்லை. தோன்றிய பிறகுதான் மழை வேண்டாம் என்று கும்பிட ஆரம்பித்தாள்.

இரண்டு நாள் முன்னால் மழை கொட்டித் தீர்த்தது. அமாவாசை விடியும்போது கரிசல் கால்வைக்கிற பதத்துக்கு வந்துவிட்டது. டிராக்டரும் வந்துவிட்டது. சாவடியில் மெஷின்கள் வரிசையாக இருந்தன, ஒரு பிள்ளையைக் காணோம். பரீட்சை வைக்க வேனில் வந்த நிறுவனத்தார் இன்னொரு நாள் வர முடியாது என்றுவிட்டார்கள்.

காட்டுக்கு ஓடினாள். செருப்பில் அப்பிய மண் காலைத் தூக்கவிடவில்லை. கழற்றி வீசிவிட்டு ஓடினாள். பிள்ளைகள் அவரவர் காட்டில் ஆளுக்கொரு நிரை பிடித்து, குனிந்து மக்காச்சோளம் ஊன்றிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு தாயிடமாகக் கெஞ்சினாள். யாரும் முகம் கொடுக்கவில்லை. கடைசியாகச் சொர்ணத்தாயின் காட்டில் வந்து நின்றாள். சொர்ணத்தாயின் மகள் காளீஸ்வரிதான் வகுப்பிலேயே நேர்த்தியாகத் தைப்பவள். இந்தப் பரீட்சை போனால் தை பிறந்ததும் அவளும் தீப்பெட்டி ஆபீசுக்குத்தான்.

"மதினி, இவளை மட்டுமாவது விடுங்க. உங்க காலைப் பிடிச்சுக் கேக்கேன்."

சொர்ணத்தாய் கோபப்பட்டிருந்தால்கூட சத்தியபாமா பதிலுக்குச் சண்டை போட்டிருப்பாள். அவள் கோபப்படவில்லை. "பரீட்சையை நாளைக்கு வைக்கச் சொல்லலாம் பாமா. இந்த ஈரத்தை நாளைக்கும் இருன்னு யாருகிட்ட போயிச் சொல்லுதது?"

சத்தியபாமாவும் காட்டை உழுது பிழைத்த சம்சாரி வீட்டில் பிறந்தவள்தான். காளீஸ்வரியின் மடியில் இருந்த விதையைத் தன் முந்தானையில் வாங்கிக்கொண்டாள்.

"இவ நெரைய நான் ஊணுதேன் மதினி. ஏட்டி, நீ ஓடு. மத்த பிள்ளைகளும் வந்துக்கிட்டிருக்காவன்னு அவியகிட்ட சொல்லு."

அது பொய் என்று இருவருக்கும் தெரியும். இருந்தும் அந்தப் பிள்ளை ஓடினாள்.

சத்தியபாமா குனிந்தவள் நிமிரவில்லை. வெயில் ஏறியது. ரோட்டில் வேன் போகும் சத்தம் கேட்டபோதும் பார்க்கத் தைரியம் வரவில்லை.

காளீஸ்வரி நடந்துதான் திரும்பி வந்தாள்.

"ஆளு பத்தலைன்னு எல்லாத்தையும் ஏத்திட்டாவ டீச்சர். என்னைய மட்டும் ஒரு ஜாக்கெட் கை தைக்கச் சொன்னாவ. நல்லாருக்குன்னு சொன்னாவ." பாவாடையில் ஒட்டியிருந்த நூலைக் கிள்ளி எடுத்தாள். "பெறகு எந்திரிக்கச் சொல்லிட்டு அந்த மெஷினையும் தூக்கிட்டாவ."

சத்தியபாமா காட்டில் அத்தனை பேர் முன்னாலும் வாய்விட்டு அழுதாள். சொர்ணத்தாய் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். காளீஸ்வரி அழவில்லை. நிரை பாதியில் நிற்கிறதே என்று விதைக்குக் கையை நீட்டினாள்.

சத்தியபாமா கொடுக்கவில்லை. முந்தானையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.