முதல் கை யாரு?

செகண்ட் ஹேண்ட் சைக்கிள் விக்கிறவன் சைக்கிளை மட்டும் வித்தால் போதாது. முன்னாடி அதை ஓட்டினவன் குணத்துக்கும் சேர்த்து ஜாமீன் நிக்கணும். பழைய சாமான் வித்துப் பிழைக்கிற சக பாவிகளே, எழுபதுகளின் கடைசியில் சங்கரன்கோவிலில் நான் பட்ட பாட்டைக் கேளுங்கள்.

போர்டு செஞ்ச வேலை

கடை திறந்தப்ப 'செகண்ட் ஹேண்ட் சைக்கிள்' என்று போர்டு மாட்டினேன். அர்த்தம் கேட்டவர்களுக்கெல்லாம், பக்கத்துத் தெரு இங்கிலீஷ் வாத்தியார் சொல்லித் தந்ததை ஒப்பித்தேன்: "புதுசா வாங்கினவரு முதல் கை. அவருகிட்ட இருந்து வாங்குத நீங்க ரெண்டாவது கை. அப்படித்தான் சீமையில இந்த வார்த்தை வந்துச்சாம்." வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். கரிவலம்வந்தநல்லூரிலிருந்து வந்த வெள்ளாமைக்காரச் சம்சாரி ஒருத்தர் பெல்லை அடித்துப் பார்க்கவில்லை, பிரேக்கைப் பிடித்துப் பார்க்கவில்லை. "அதெல்லாம் சரி வே. முதல் கை யாரு? அதைச் சொல்லும்" என்றார்.

மனக்குறை

அடுத்து புளியங்குடி எலுமிச்சை வியாபாரி ஒருத்தர் வந்தார். முதல் கை ராயகிரி கணக்குப்பிள்ளை என்றதும் நேரே ராயகிரிக்கே பஸ் ஏறிவிட்டார்! வருத்தத்தோடு குடுத்த பொருள் வாங்கினவனுக்கு விளங்காது என்பது எங்க பக்கம் எழுதாத சட்டம். மறுநாள் வந்து கையை விரித்தார். "சைக்கிள் தங்கம் வே. ஆனா வித்ததை நெனைச்சு அந்த வீட்டுப் பொம்பள இன்னும் மூக்கைச் சிந்துதா. எனக்கு வேண்டாம்."

என் சொந்த வண்டி

இப்படியே மூணு வியாபாரம் போச்சு. மாசக் கடைசிக்குள் ஒரு சைக்கிளாவது வித்து வாடகை பாக்கியைத் தரலேன்னா கடையைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார் கட்டிடக்காரர். வேறு வழியில்லாமல், கல்யாணத்துக்கு மாமனார் வாங்கிக் குடுத்த என் சைக்கிளையே துடைத்துக் கடை வாசலில் நிறுத்தினேன். என் பெண்டாட்டி கோமதியிடம் மூச்சு விடவில்லை. அப்புறம் சொல்லிக்கலாம் என்று ஒரு தைரியம்.

அதே எலுமிச்சை வியாபாரி திரும்ப வந்தார். "முதல் கை நான்தான் அண்ணாச்சி, மனசாரக் குடுக்கேன்" என்றேன். அவருக்கு அது போதவில்லை. "வீட்டுல தங்கச்சி கையால தரச் சொல்லும்" என்று சைக்கிளை உருட்டிக்கொண்டு எனக்கு முன்னாடி எங்க வீட்டுக்கு நடந்தார்.

விஷயத்தைக் கேட்ட கோமதி சைக்கிளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கடையும் போச்சு, சோறும் போச்சு என்றே நினைத்தேன். அவள் ஹேண்டில்பாரைப் பிடித்து வியாபாரி கையில் கொடுத்துச் சொன்னாள்: "மனசு நெறஞ்சு குடுக்கேன் அண்ணாச்சி. அப்படியே இந்த மனுசனையும் சேத்துக் கூட்டிட்டுப் போங்க. இதுவும் ஒரே கை பட்டதுதான்."

வியாபாரி சைக்கிளை மட்டும் வாங்கிக்கொண்டார், கடை பிழைத்தது; நான்தான் இன்றுவரை கோமதியிடம் விலைபோகாத சரக்காக நிற்கிறேன்.