அண்ணி வாங்கிய நாவல்

அண்ணியின் டேப்லெட்டில் எழுத்து புளியங்கொட்டை அளவுக்கு இருக்கும். ஒரு பக்கத்துக்குப் பத்துச் சொல்தான். விரலால் தள்ளித் தள்ளிப் படிப்பார். சர்க்கரை நோய் கண்ணைத் தின்றுகொண்டிருந்தது. மிச்சப் பார்வையும் வருஷம் தாங்காது என்று டாக்டர் சொன்னதும், வெகுநாள் ஆசைப்பட்ட பெரிய நாவல் ஒன்றை அதற்குள் முடித்துவிடுவது என்று உட்கார்ந்துவிட்டார். அச்சுப் புத்தகத்தின் பொடி எழுத்து அவருக்கு உதவாது. மின்னூலாக வாங்கிக் கொடுத்தவள் நான். நிபந்தனைகள் என்று நீண்டு கிடந்ததில் ஒரு வரியும் படிக்காமல் ‘சம்மதம்’ என்று அமுக்கியவளும் நான்தான்.

பூரணாங்குப்பத்தில் எங்கள் தெரு மகளிர் குழுவுக்குப் பொதுவாக ஒரு பெரிய அண்டா உண்டு. யார் வீட்டில் விசேஷமோ அங்கே போய்விட்டுத் திரும்பும். வாங்கின புத்தகமும் அப்படித்தான் என்று அண்ணி நினைத்தார். குழுவில் நான்கு பேருக்குத் தன் பாஸ்வேர்டைச் சொல்லிவிட்டார். எதிர்வீட்டு மீன்காரம்மா, வியாபாரம் முடிந்த மத்தியானங்களில் தன் போனில் படித்து, அண்ணிக்கு முன்பே முடித்தும்விட்டார்.

அண்ணிக்குக் கடைசி மூன்று அத்தியாயம் பாக்கி. ஒருநாள் காலையில் பார்த்தால் புத்தகம் இல்லை. ஒரே கணக்கைப் பலர் பயன்படுத்தியதால் விற்ற கம்பெனிக்காரர்கள் முடக்கிவிட்டார்களாம். நான் எழுதி எழுதிக் கேட்டதற்கு ஒரு பதில் வந்தது. நாங்கள் வாங்கியது புத்தகம் அல்லவாம், படிக்கும் அனுமதி மட்டுமாம், உரிமை அவர்களுடையதாம். புதுக் கணக்கில் மறுபடி வாங்கிக்கொள்ளலாமாம். ‘அன்புடன்’ என்று வேறு முடித்திருந்தார்கள், வெட்கங்கெட்டவர்கள். விற்கும்போது ‘வாங்கு’ என்றுதானே கொட்டை எழுத்தில் போட்டார்கள்? எழுதியவருக்குக் காசு போகட்டும், அதில் எனக்குச் சண்டை இல்லை. நாலு பேர் சேர்ந்து படித்தது தப்பு என்றால்கூடக் கேட்டுக்கொள்வேன். பார்வை போய்க்கொண்டிருப்பவள் கையிலிருந்து பிடுங்குவதற்கு உரிமை என்று பெயர் வைத்தால், அந்தச் சொல்லே எனக்குக் குமட்டுகிறது.

மறுபடி வாங்கப் போனை எடுத்தேன். அண்ணி விடவில்லை. “வித்த பொருள வூடு பூந்து எடுத்துக்கினு போறவனுக்கு இன்னொரு தபா காசு குடுப்பியாடி? வேணாம்.” அச்சில் வாங்கி நான் வாசித்துக் காட்டுகிறேன் என்று எவ்வளவு கெஞ்சியும் மசியவில்லை.

தன்னால்தான் இப்படி ஆயிற்று என்று மீன்காரம்மா அழுதுவிட்டார். “யக்கா, மீதிக் கதைய நான் சொல்றேன், கேளு” என்று ஒரு வாரம் மத்தியானம் தவறாமல் வந்து உட்கார்ந்தார். கதாநாயகி புருஷன் வீட்டை உதறிவிட்டு எங்கள் பக்கத்துப் பாகூர் கடைத்தெருவில் இட்லிக்கடை போட்டு நன்றாக இருந்தாளாம். “அப்பாடா, பொழச்சிக்கினா” என்று அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டார். பொங்கலுக்குள் பார்வை போய்விட்டது. இப்போது அண்ணியும் இல்லை.

போன மாதம் அந்த நாவலை அச்சில் வாங்கிப் படித்தேன். கடைசியில் அவள் கிணற்றில் விழுந்து சாகிறாள். பாகூரும் இல்லை, இட்லிக்கடையும் இல்லை. மீன்காரம்மாவிடம் போய்க் கேட்டேன்.

“கண்ணு போற நேரத்துல அக்காகிட்ட அத்தப் போயி சொல்லுவாங்களா?” என்றார்.

கதையை மாற்றியதும் உரிமை மீறல் என்றுதான் அந்தக் கம்பெனி சொல்லும். சொல்லிவிட்டுப் போகட்டும்.