எம்புட்டு இடம் வேணும்

போன் நிறைந்துவிட்டது. இனி எதுவும் உள்ளே போகாது என்று அதுவே காட்டியது. பேட்டரி வீங்கி அதன் முதுகும் உப்பிக்கொண்டு வந்தது. என்றைக்கு வேண்டுமானாலும் நின்றுவிடும் என்று ரிப்பேர் கடையில் சொன்னார்கள். என் வீட்டுக்காரி பேசி அனுப்பியதெல்லாம் அதில்தான் இருந்தது. அவள் இறந்து ஒரு வருசம் ஆகிறது.

எனக்கு ராஜபாளையத்தில் மில் வேலை, ராத்திரி ஷிப்ட். அவளுக்கு பேண்டேஜ் கம்பெனியில் பகல். பையன் சின்னவனாக இருந்தபோது வீட்டில் ஒருத்தர் இருக்க வேண்டும் என்று அப்படிக் கேட்டு வாங்கினோம். அவன் பட்டாளத்துக்குப் போன பிறகும் மாற்றிக்கொள்ளவில்லை. நான் மில் வேனை விட்டு இறங்கும்போது அவள் கம்பெனி வேனில் ஏறிவிடுவாள். போனில் எழுத்தைத் தேடி அழுத்த இரண்டு பேருக்கும் வராது. அவள் பேசி அனுப்புவாள். நான் வீட்டுக்குள் போய்க் கேட்பேன்.

பையன்தான் கம்ப்யூட்டர் வாங்கச் சொன்னான். அதில் பேசினால் முகம் பெரிதாகத் தெரியுமாம். எவ்வளவு சேர்த்து வைக்கலாம் என்பதில் சின்னது, நடுவாந்திரம், பெரியது என்று இருக்கிறதாம்.

"சின்னது போதும்ப்பா. நீங்க என்ன சினிமாவா எடுக்கப் போறீய?"

எதை வைக்கப் போகிறேன் என்று அவனிடம் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்தது குடோன் கணக்குத்தான். சரக்கு அதிகம் என்றால் இடம் அதிகம் வேண்டும். அத்தனை வருசப் பேச்சு. பெரியதுதான் என்று முடிவு செய்துகொண்டேன்.

இங்கே வாங்கினால் தெரிந்தவர்கள் கேள்வி கேட்பார்கள். பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். கடையில் ஒரு அம்மா இருந்தார். என் வயதுதான் இருக்கும்.

"பெருசா? ஆபீஸ் எதுவும் வச்சிருக்கீயளா அண்ணாச்சி?"

"இல்ல. வைக்க நிறைய இருக்கு."

போனைக் கொடுத்தேன். வயர் போட்டுப் பார்த்தார். சிரித்துவிட்டார்.

"முக்காவாசி குட்மார்னிங் படம்ல்ல! தாமரைப்பூவும் காப்பி டம்ளரும். இம்புட்டையும் முழுங்கினா போன் உப்பாம என்ன செய்யும்?"

மில் குரூப்பில் வருவது. நான் ஒன்றையும் அழித்ததில்லை.

அவர் வேறு எதையோ தட்டினார். அவள் குரல் கடைக்குள் கேட்டது.

"ஏங்க, ரசம் அடுப்பு மேல இருக்கு. சுட வச்சிக் குடிங்க. தண்ணி வருதான்னு செத்த பாருங்க, தூங்கிறாதீய. வேன் வந்துருச்சி, வாரேன்." பின்னாலேயே ஹாரன் சத்தம்.

"அக்காவா? கூட்டிட்டு வந்திருக்கலாம்ல்ல?"

"இல்ல."

அவர் என் முகத்தைப் பார்த்தார்.

"இதத்தான் வைக்கணுமா அண்ணாச்சி?"

"ஆமா. எம்புட்டு இடம் வேணும்?"

எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தார். "சின்னதுலயே ஒரு மூலைக்கு வராது."

நான் நம்பவில்லை. பஞ்சை அமுக்கிப் பேலாகக் கட்டியிருக்கும்போது கொஞ்சமாகத்தான் தெரியும். கட்டை அறுத்தால் அறை நிறைந்துவிடும்.

"அமுக்கி வச்சிருக்கா?"

"அப்படியெல்லாம் இல்ல. அதோட அளவே அம்புட்டுதான். பேச்சு எடம் பிடிக்காது அண்ணாச்சி."

இருந்தாலும் பெரியதையே கேட்டேன். அவர் எடுக்கவில்லை.

"சும்மா கெடக்கிறதுக்கா? அக்கா இருந்தா என்னையும் சேத்துல்ல ஏசும்."

ஏசுவாள்தான். சின்னதையே வாங்கினேன். எல்லாவற்றையும் அதில் ஏற்றிக் கொடுத்தார். நீளமாக ஒரு கோடு காட்டினார். ஓரத்தில் கொஞ்சம் நீலம், அதுவும் பாதி கம்ப்யூட்டருடையதாம். மிச்சம் வெள்ளை.

சாயந்திரம் பையன் கூப்பிட்டான். முகம் பெரிதாகத்தான் தெரிந்தது. இளைத்திருந்தான்.

"எது வாங்குனீய?"

"நீ சொன்னதுதான்."

"எடம் நிறைய கெடக்கும்ல்ல?"

"கெடக்கு."

அவனுக்கு டூட்டி. வைத்துவிட்டான். நான் ஷிப்டுக்குச் சட்டையை மாட்டிக்கொண்டு ரசம் வைத்த பேச்சைப் போட்டேன். ஹாரன் கேட்டது. பையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். தெரு காலியாக இருந்தது. கேட்டது அவளுடைய வேன். என்னுடையது வர இன்னும் நேரம் இருந்தது.